உன் கண்கள் மஞ்சளாகவில்லை

ஷீபா,

நாளை காலை நீயும் எட்வினும் குழந்தையும் புனே கிளம்பிவிடுவீர்கள். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. உன் அம்மா உள்ளே இட்லிப்பொடி டப்பாவின் மேல் மூன்றாவது பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "விடுங்கப்பா" என்று சொல்லிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். விட்டுவிடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இந்த ஒன்றரை வருடத்தில் நம் வீட்டில் நடந்தவற்றில் பெரும்பகுதி உனக்குத் தெரியும். தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை ரயிலேற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. இன்றுவரை அந்த அதிர்ச்சியிலிருந்து முழுதாக வெளியே வந்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன வருடம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. கோவளத்தில் வஞ்சிரம் வாங்கி, பையை ஸ்கூட்டரின் முன் கொக்கியில் மாட்டிக்கொண்டு கேளம்பாக்கம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். உனக்கு அப்போது மூன்றாம் மாதம். ஆஸ்பத்திரியில் முதன்முதலாக எடுத்த ரத்தப் பரிசோதனைகளின் முடிவு அன்று வரும் என்று சொல்லியிருந்தாய். போன் அடித்ததும் ஓரமாக நிறுத்தினேன். "அப்பா, எனக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு வந்திருக்கு. அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டாய். லேபில் ஏதாவது தப்பு நடந்திருக்கும், இன்னொரு தடவை எடுக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதன் பிறகு என்னால் வண்டியைக் கிளப்ப முடியவில்லை. வெயில் தலையில் இறங்கியது. மீன் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் செருப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது, காலை நகர்த்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த நோயின் பெயரை நான் இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு யாரிடமும் அதை உச்சரித்ததில்லை. அது உன் வாயிலிருந்து வந்தது.

இரண்டாவது முறை எடுத்தபோதும் அதே முடிவுதான். இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் என்பதால் உன் அம்மாவைச் சோதிக்கச் சொன்னார்கள். அவளுக்கு இல்லை. எட்வினைச் சோதித்தார்கள். அவருக்கும் இல்லை. அந்த இரண்டு காகிதங்களைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு "இல்லை"களும் சேர்ந்து உன்னைத் தனியாக நிறுத்திவிட்டன. உனக்கு எப்போதாவது ஆபரேஷன் நடந்ததா, ரத்தம் ஏற்றியதுண்டா, பச்சை குத்திக்கொண்டாயா என்று டாக்டரம்மா கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாய். பிறகு எட்வினை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உன்னிடம் மட்டும் இன்னொரு கேள்வி கேட்டார்கள். அது அவர்களுடைய வேலை. ஆனால் வெளியே உட்கார வைக்கப்பட்ட மனிதனின் மனதில் அந்தக் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்கும் இல்லை என்றுதான் சொன்னாய். மற்ற பதில்களை எழுதிக்கொண்டவர்கள் இந்தப் பதிலை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை என்று பிறகு நீ சொன்னாய்.

எட்வின் உன்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதை அவருடைய நல்ல குணம் என்று அப்போது நான் நினைத்தேன். கேட்காமல் இருப்பது எவ்வளவு கனமானது என்று உனக்குத்தான் தெரிந்திருக்கும். அவருடைய அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. பெருங்களத்தூர் வீட்டில் உனக்கென்று தனித் தட்டும் டம்ளரும் வந்தன. உன் துண்டு பால்கனியின் இன்னொரு கொடிக்குப் போனது. பிறகு ஒரு நாள் உன் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் பொண்ணு வேலை பார்த்த இடத்தில் யாருடனாவது பழக்கம் இருந்ததா, இருந்தால் இப்போதாவது சொல்லிவிடுங்கள், குழந்தைக்கு நல்லது என்று கேட்டார். உன் அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கெல்லாம் நடுவில் நான் என்ன செய்தேன் என்று கேள். செய்தி வந்த மூன்றாம் நாள், தாம்பரம் சானடோரியம் பக்கம், தெரிந்தவர் யாரும் வராத ஒரு லேபுக்குப் போய் என் ரத்தத்தைக் கொடுத்தேன். உனக்கு எடுத்த அதே பரிசோதனை. எனக்கு "இல்லை" என்று வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது, ஷீபா. என் மகள் தன் மாமியார் வீட்டில் தனி டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு இது என்னிடமிருந்து போகவில்லை என்று எனக்கு நிம்மதி வந்தது. என்னிடம் இருந்தால்தானே கொடுக்க முடியும், என்னிடம்தான் இல்லையே என்று எனக்கு நானே வாதாடி, காகிதத்தை நான்காக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு எட்டு நாட்கள் பேசாமல் இருந்தேன்.

பதினோராவது நாள் நீ ஒரு சூட்கேஸுடன் ஆட்டோவில் வந்து இறங்கினாய். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை, நீயாகத்தான் வந்தாய் என்று சொன்னாய். அம்மா காபி போட உள்ளே போனாள். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, நான் யாருகிட்டயும் போகலப்பா" என்றாய்.

எந்த மகளும் தன் அப்பாவிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. சொல்ல வைத்தவன் நான். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாசனை வந்தது, அம்மா அதை அணைக்கவில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். உனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது, அது பி வகை என்று டாக்டர் சொன்னார் என்று சொன்னேன். நீ நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். உன் முகத்தில் வந்தது நம்பிக்கை.

அடுத்த நாளே மூன்று பேரும் குரோம்பேட்டையில் கல்லீரல் டாக்டரைப் பார்த்தோம். என் பர்ஸிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டி, எனக்கு இல்லை என்று வந்திருக்கிறதே என்று நானே சொன்னேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, இது இப்போது வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற பரிசோதனை, முன்னால் வந்து போயிருந்தால் இதில் தெரியாது, அதற்கு வேறு பரிசோதனை இருக்கிறது என்றார். இரண்டு நாளில் அந்த முடிவும் வந்தது. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு எனக்கு வந்துபோன நோயை எதிர்த்து என் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பு சக்தி இன்னும் என் ரத்தத்தில் இருந்தது. நான் மறைத்ததை, நான் மறக்க முயன்றதை, என் ரத்தம் நாள் தவறாமல் ஞாபகம் வைத்திருந்தது.

அந்த டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். ஆனாலும் இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் என்னை அடித்துப்போட்டது அதுதான். "பெரியவங்க உடம்பு இந்த வைரஸை எதிரின்னு பாத்து சண்டை போடும் சார். அந்தச் சண்டையிலதான் கண்ணு மஞ்சளாகுது, பசி போகுது. பெரும்பாலும் ஜெயிச்சுடும். ஜெயிச்சதை மறக்காது, அப்புறம் உள்ள விடாது. சின்னக் குழந்தை உடம்புக்கு இது எதிரின்னே பல நேரம் தெரியறதில்ல. சண்டையே போடாது. அதனால காய்ச்சலும் இருக்காது, மஞ்சளும் இருக்காது. வைரஸ் அங்கயே குடியிருந்துடும்" என்றார். அம்மை மாதிரி சில நோய்களில் குழந்தைகள்தான் சுலபமாகத் தாண்டுவார்கள், பெரியவர்கள் கஷ்டப்படுவார்கள், இதில் அப்படியே தலைகீழ் என்றும் சொன்னார்.

கொரோனா நம் வீட்டுக்கு வந்தபோது நான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கிடந்தேன், நீ இரண்டு நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டாய். இளம் உடம்பு, எதையும் தாங்கும் என்று அப்போது எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அதே நினைப்புதான் எனக்கு உன் ஒன்றரை வயதிலும் இருந்தது. நான் கண்களில் மஞ்சளோடு பாயில் சுருண்டு கிடக்க, நீ என்னைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்துக்கொண்டு ஓடினாய். தினமும் காலையில் உன் இமையை விரலால் விலக்கிப் பார்ப்பேன். பால் போல வெள்ளையாக இருக்கும். என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று கடவுளுக்கு நன்றி சொல்வேன். அந்த வெள்ளைதான் நோய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆரோக்கியம் என்று நினைத்தது, உன் உடம்பு எதிர்க்கவே தெரியாமல் இருந்த மௌனம்.

எனக்கு எப்படி வந்தது என்பதையும் டாக்டரிடம் சொன்னேன். அப்போது உன் அம்மா பாளையங்கோட்டையில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு மட்டும் வருவாள். நானும் நீயும்தான் கிழக்குத் தாம்பரத்து வாடகை வீட்டில். பகலில் நான் ஏற்றுமதி வளாகத்தில் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலைக்குப் போகும்போது உன் அத்தை பார்த்துக்கொள்வாள், சாயங்காலம் உன்னை வாங்கிக்கொள்வேன். ஸ்டோர்ஸில் பெட்டி தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருமுனையில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் ஒரு வாரம் ஊசி போட்டுக்கொண்டேன். கண்ணாடி ஊசிகளை ஒரு தட்டில் கொதிக்க வைத்து, அதிலிருந்தே எல்லோருக்கும் எடுத்துப் போடுவார்கள். ஒரு நாள் தட்டில் தண்ணீர் ஆறிக் கிடந்ததைப் பார்த்துக் கேட்டேன். "இன்னா சார் பயந்துகினு? காலையிலதான் கொதிக்க வெச்சேன்" என்றார் கம்பவுண்டர். அதே வாரம் உனக்கும் சளி என்று அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன், உனக்கும் ஒரு ஊசி போட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நீ எதையும் மெல்ல மாட்டாய். கறித்துண்டை, சப்பாத்தியை நான் என் வாயில் மென்று மசித்து உன் வாயில் வைப்பேன். எனக்கு அந்த வயதிலேயே ஈறில் ரத்தம் வரும். காமாலை கண்ணில் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வைரஸ் என் ரத்தத்தில் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஊசியா, நான் ஊட்டிய சோறா என்று கேட்டேன். இரண்டும் இருக்கலாம், இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றார். இப்போதும் குழந்தைக்கு நீ கேரட்டை மசிக்கும்போது என் நாக்கின் அடியில் ஏதோ கசக்கிறது.

அந்த அறையில் உன் அம்மா அழுதாள். ஊசி, தட்டு, கம்பவுண்டர் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அழுதாள். உனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகப் பெருங்களத்தூர் போனோம். எட்வினும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். நான் உட்காரவில்லை. என் பரிசோதனை முடிவை அவர்கள் முன்னால் வைத்து, "இது என்கிட்ட இருந்து என் பொண்ணுக்குப் போனது. அவ பேச்சு வராத குழந்தையா இருக்கும்போதே போனது. கேக்க வேண்டியதை எல்லாம் என்னைக் கேளுங்க" என்றேன். எட்வினின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். நாங்கள் யாரும் தப்பாக ஒன்றும் கேட்கவில்லையே என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் ஜூஸ் கொண்டுவந்து, உனக்கு முதலில் நீட்டினார். எட்வின் அப்போதுதான் அழுதார். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டது எனக்குத் தெரியும், என்ன வார்த்தையில் கேட்டார் என்பது உங்கள் இருவருக்கும் உரியது. மறுநாளே போய் தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டுக்கொண்டார்.

அன்று காரில் திரும்பும்போது நீ என் தோளில் சாய்ந்து, எல்லார் முன்னாலும் இப்படி நின்று பேச எத்தனை அப்பாவுக்கு தைரியம் வரும் என்று சொன்னாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதற்குப் பிறகு உன் சித்தப்பாவிடம் சொன்னாய், சர்ச்சில் உன் தோழிகளிடம் சொன்னாய். ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் எரிந்தது. நான் பாதிதான் சொல்லியிருந்தேன்.

பிரசவத்தை மறுபடி சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அந்த நாளைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. உன் ரத்தத்தில் வைரஸ் அதிகம் என்பதால் ஏழாம் மாதத்திலிருந்து உனக்கு மாத்திரை கொடுத்தார்கள். குழந்தை பிறந்து சில மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒன்று தடுப்பூசி, அது குழந்தையின் உடம்புக்கு இந்த வைரஸ் யார் என்று கற்றுக்கொடுக்கும். இன்னொன்று இம்யூனோகுளோபுலின், எதிர்ப்பு சக்தி உள்ள யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்தது, குழந்தை கற்றுக்கொள்ளும் வரை காவலுக்கு நிற்பது. இரண்டாவதை நாம்தான் வெளியே வாங்கிவர வேண்டும். அடுத்த வாரம் வாங்கலாம் என்றிருந்தபோது நீ மூன்று வாரம் முன்னதாகவே வலி கண்டாய், அதுவும் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டை நிறைத்த நாளில். காலை பதினொரு மணிக்குக் கூடுவாஞ்சேரியில் குழந்தை பிறந்தாள். மருந்து குரோம்பேட்டையில் ஒரு கடையில்தான் இருந்தது. வாங்கி ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு ஆட்டோவைக் கைகாட்டினேன். கூடுவாஞ்சேரி என்றதும் அந்தத் தம்பி தலையை ஆட்டினான். "பெருங்களத்தூராண்ட வண்டிங்க அப்படியே நின்னுகினு கீது சார். ட்ரெயினைப் புடி" என்றான். ஓடிப்போய் செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறினேன். உட்கார இடமில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். வண்டி பெருங்களத்தூரைக் கடக்கும்போது சாலையில் பஸ்களும் கார்களும் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். ஆட்டோ கிடைத்திருந்தால் நானும் அங்கேதான் நின்றிருப்பேன். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு குழந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவன், இன்னொரு குழந்தைக்காக இந்த டப்பாவை இறுகப் பிடித்திருக்கிறான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மணிக்கு நர்ஸ் கையில் கொடுத்தேன். குழந்தையின் இரண்டு தொடையிலும் ஊசி போட்டபோது அவள் கால்களைப் பிடித்துக்கொண்டவர் எட்வினின் அம்மா.

போன மாதம் குழந்தையின் ரத்த முடிவு வந்தது. வைரஸ் இல்லை. எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கிறது. எனக்கு நோய் வந்து, உடம்பு உருகி, மூன்று மாதம் பத்தியம் இருந்து கிடைத்த ஞாபகம் அவளுக்கு ஒரு நாள் நோயும் இல்லாமல் கிடைத்துவிட்டது. நீங்கள் எல்லோரும் கேக் வெட்டினீர்கள். நான் பின்பக்கம் போய் வாஷிங் மெஷின் அருகில் நின்றுகொண்டிருந்தேன். அன்றுதான் இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு எனக்கு வந்தது பி வகை என்று சொன்ன டாக்டர், இது ஊசி மூலம் வரும், ரத்தத்தின் மூலம் வரும், உடலுறவின் மூலமும் வரும் என்று சொன்னார். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மனைவிக்கும் குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை செய்யவும், தடுப்பூசி போடவும் என்று. மறக்காமல் செய்யுங்கள், குழந்தை முக்கியம் என்று வாயாலும் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் சொன்ன மூன்றாவது வழி என் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது. மனைவி வெளியூரில் இருக்கும்போது ஒருவனுக்கு இந்த நோய் வந்தால் அவள் என்ன நினைப்பாள்? ஊசி என்று சொன்னால் நம்புவாளா? நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஷீபா. ஆனால் செய்தேனோ என்று அவள் ஒரு நொடி நினைப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது என்று நினைத்தேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு பார்த்தபோது காணவில்லை, தொலைந்தது என்று விட்டுவிட்டேன். சாதாரணக் காமாலை என்று அம்மாவிடம் சொன்னேன். உனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் இதே நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடந்தபோது, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அப்பாடா, இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன். ஏற்கனவே உள்ளே வந்துவிட்ட வைரஸை அந்த ஊசியால் ஒன்றும் செய்ய முடியாது என்பது போன வருடம்தான் தெரிந்தது.

எந்தச் சந்தேகத்துக்கு நான் பயந்தேனோ, அந்தச் சந்தேகம் என்னைத் தொடாமல் இத்தனை வருடம் காத்திருந்து உன் மேல் வந்து விழுந்தது. அன்றே உன்னைச் சோதித்திருந்தாலும் வைரஸ் உன் உடம்பில் அதற்குள் வந்திருக்கலாம், தடுத்திருக்க முடியாமல் போயிருக்கலாம். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும். எட்வினுக்குத் தெரிந்திருக்கும். நீ சூட்கேஸுடன் வந்து நின்று அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நேற்று மத்தியானம் உட்கார்ந்தேன். நீங்கள் குன்றத்தூரில் எட்வினின் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கொடுத்த சீட்டைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் தலை நிமிராமல், "அந்தச் சீட்டை நான் பாத்தேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. விடுமுறைக்கு வந்தபோது துவைக்கப் போட்ட சட்டையில் எடுத்தாளாம். படித்துவிட்டு, பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் தெரிந்த ஒரு நர்ஸிடம் கேட்டாளாம். அது அந்த மாதிரி நோய் என்று அந்தப் பெண் சொன்னாளாம். அம்மா தனியாகப் போய்த் தன் ரத்தத்தைக் கொடுத்தாள். இல்லை என்று வந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டாள். "குழந்தையக் கூட்டிட்டுப் போனா யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது? இவ நல்லாத்தான் ஓடி விளையாடிட்டு இருந்தா. விட்டுட்டேன்" என்றாள். என்னை ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். "நீங்க ஆமான்னு சொல்லிட்டா?" என்றாள்.

இருபத்தெட்டு வருடங்கள் அவள் எனக்குச் சோறு போட்டாள், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தாள், கொரோனாவில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்கும் அடியில் எனக்கு ஒரு பெண் தொடர்பு இருந்தது என்று நம்பிக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டை டாக்டரின் அறையில் கம்பவுண்டரின் தட்டைப் பற்றி நான் சொல்லக் கேட்டபோதுதான் அந்த நம்பிக்கை அவளுக்கு உடைந்தது. அவள் அன்று அழுதது அதற்காக. இத்தனை வருடமும் நாங்கள் பேசிய எல்லாப் பேச்சும் ஒரு நொடியில் வேறாகத் தெரிந்தது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை, அவளுக்கும் தெம்பு இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு, நடுவில் விளையாடிய உன்னை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

இதைப் படித்த பிறகு எங்களை நீ எப்படி நினைப்பாய் என்று தெரியாது. சில நாள் போன் செய்யாமல் இருந்தால் புரிந்துகொள்வேன். புனேயில் போய் முதல் வேலையாக ஒரு கல்லீரல் டாக்டரைப் பார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையை விடாதே. இப்போது உன் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக விடாதே, நன்றாக இருப்பது போலத் தெரிவதை நம்பித்தான் நாங்கள் கெட்டோம். உனக்கும் எட்வினுக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்து நின்றால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பதில் ஆமாம் என்று இருந்தாலும் கேளுங்கள். குழந்தை பெரியவளாகி இந்த ஊசிகள் எதற்கு என்று கேட்டால் தாத்தாவின் பெயரைச் சொல்லியே விளக்கு. இந்தக் கடிதத்தை எட்வினுக்கும் காட்டு, அவர் அம்மாவுக்கும் காட்டு, சித்தப்பா கேட்டால் அவருக்கும் கொடு. யாரிடமும் மறைத்து வைக்க வேண்டியது இதில் இனி எதுவும் இல்லை.

எழுதி முடித்ததும் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே கடைசிவரை படித்தாள். அவளுக்காக நான் எழுதிய இடத்தில் ஒரு வார்த்தையும் திருத்தவில்லை. பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்கு மேலே, முதலில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

அம்மா
அப்பா